ஜெபின் வீட்டு லேப்டாப்

மதர்போர்டு செத்துவிட்டது என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் லேப்டாப்பைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள், மேடம். சார்ஜரை மாட்டுவார்கள், விளக்கு எரியாது, பட்டனை நாலு தடவை அமுக்குவார்கள், போர்டு போச்சு என்று முடிவு கட்டிவிடுவார்கள். கடைக்காரருக்கும் அதுதான் வசதி. என் மேசையிலிருந்து நேற்று நீங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு அள்ளிக்கொண்டு வந்த சாமான்கள் எல்லாம் அப்படிக் கைவிடப்பட்ட போர்டுகளுக்காக நான் ஒன்பது வருடமாக ரிச்சி தெருவில் ஒவ்வொன்றாகத் தேடி வாங்கியவை. மல்டிமீட்டர், சூடான காற்று ஊதும் கருவி, கேட்ட அளவு மின்சாரத்தை மட்டும் கொடுக்கிற பவர் சப்ளை, பூதக்கண்ணாடி வைத்த விளக்கு. அந்த விளக்கைக் கொஞ்சம் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடியில் கீறல் விழுந்தால் பிறகு பயன்படாது.

இதை நான் தொழிலாகச் செய்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்குதான். வாரத்தில் ஆறு நாள் வண்டலூர் தாண்டி ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் மெயின்டனன்ஸ் இன்சார்ஜ் வேலை. கார் டேஷ்போர்டு வார்க்கிற இடம். அங்கே மெஷின் நின்றால் குமரேசன் எங்கே என்பார்கள். ஓடினால் யார் பெயரும் வராது. இருபத்திரண்டு வருடம் அப்படிப் போயிற்று. எனக்குப் பின்னால் வந்த இரண்டு பேர் மேனேஜர் ஆனார்கள். நான் அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. வீட்டுக்கு வந்து ஒரு செத்த போர்டைத் திறந்து வைத்துக்கொண்டால் மனசு ஆறிவிடும். போர்டு பொய் சொல்லாது. எந்த இடத்தில் கோளாறோ அந்த இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும், பொறுமையாகக் கேட்டால்.

ஜெபினைப் பற்றிக் கேட்டீர்கள். எனக்குக் கீழே வேலை பார்த்த டெக்னீஷியன். இருபத்தொன்பது வயது. முடிச்சூர் பக்கம் வாடகை வீடு. கையில் எப்போதும் ஒரு பேனா இருக்கும். என்ன செய்தாலும் குறித்துக்கொள்வான். எத்தனை மணிக்கு எந்த மெஷின் நின்றது, யார் என்ன சொன்னார்கள், எல்லாம். அவன்மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். என் லேப்டாப் வேலையை முதலில் மதித்தவன் அவன்தான். கம்பெனியில் பத்துப் பேருடைய லேப்டாப்பை நான் சரிசெய்து கொடுத்திருக்கிறேன். மற்றவர்கள் நன்றி சார் என்று வாங்கிப் போவார்கள். இவன் மட்டும்தான் என்ன கோளாறு, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று நின்று கேட்பான்.

போன செப்டம்பரில் அவன் இறந்தான். ஏழாம் நம்பர் மோல்டிங் மெஷின். இரண்டு பெரிய இரும்பு அச்சுகள் வந்து மூடும், நடுவில் பிளாஸ்டிக் பாயும். அச்சில் சரக்கு ஒட்டிக்கொண்டால் ஆள் உள்ளே இறங்கித்தான் எடுக்க வேண்டும். கதவு திறந்திருக்கும்போது மெஷின் மூடாதபடி கதவில் ஒரு சுவிட்ச் இருக்கும். அன்று அந்த சுவிட்ச் வேலை செய்யாதபடி ஒரு துண்டு ஒயரைப் போட்டு இணைத்திருந்தார்கள். ஜம்பர் என்போம். ஜெபின் உள்ளே இருக்கும்போது அச்சு மூடியது. அனுமதி வாங்காமல் தானாகவே ஒயரைப் போட்டான், மெஷினைத் தானாக ஓடுகிற ஆட்டோவில் விட்டுவிட்டு இறங்கினான், கவனக்குறைவு என்று கம்பெனி விசாரணையில் எழுதினார்கள். மெயின்டனன்ஸ் இன்சார்ஜ் என்ற முறையில் நானும் அப்படித்தான் எழுதிக்கொடுத்தேன். ஒரு பக்கம்தான். கையெழுத்துப் போட்டேன்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்த கையோடு, அவன் மனைவி கிருபா செம்பாக்கத்தில் என் வீட்டுக்கு வந்தாள். கூட மூன்று வயதுக் குழந்தை ஏஞ்சல். ஒரு துண்டில் சுற்றி அவன் லேப்டாப்பைக் கொண்டுவந்திருந்தாள். நவம்பர் மழையில் அவர்கள் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் வந்ததாம். அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது நனைந்துவிட்டதாம். காயவைத்து சார்ஜர் மாட்டினால் உயிரே இல்லை என்றாள். என் மனைவி சத்யபிரியா காபி கொடுத்தாள். குழந்தைக்கு முறுக்கு கொடுத்தாள்.

கிருபா காபியைத் தொடவில்லை. டிசம்பரில் விசாரணை அறிக்கை அவள் கைக்கு வந்திருக்கிறது.

"அவரே ஒயர் போட்டாருன்னு எழுதியிருக்காங்க சார். வீட்டுல ஒரு பிளக்கு லூசா இருந்தாக்கூட மெயினை ஆஃப் பண்ணிட்டுத்தான் தொடுவாரு. அவரு அப்படிப் பண்ற ஆளா சார்?"

அவசரத்தில் எல்லோருக்கும் கை தவறும் என்று ஏதோ சொன்னேன்.

அவன் தினமும் வீட்டுக்கு வந்து அன்றைய நாளை அந்த லேப்டாப்பில் எழுதிவைப்பானாம். அவன் போன பிறகு திறந்து படிக்க அவளுக்கு மனசு வரவில்லை. இப்போது படிக்கலாம் என்றால் மழை முந்திக்கொண்டது. பாஸ்வேர்டை ஒரு சீட்டில் எழுதி மேசைமேல் வைத்தாள். குழந்தையின் பெயரும் பிறந்த தேதியும்.

"இவ பெரியவளானா கேப்பா சார். அப்பா தன் தப்பாலதான் செத்தாருன்னு நான் எப்படிச் சொல்றது. அவர் என்ன எழுதியிருக்காருன்னு பார்த்தாப் போதும். உங்களாலதான் முடியும்னு அவரே எத்தனையோ தடவை சொல்லியிருக்காரு."

நான் வாங்கிக்கொண்டேன். ஏன் வாங்கினாய் என்று கேட்பீர்கள். வாங்காமல் விட்டிருந்தால் வேறு யாராவது வாங்கியிருப்பார்கள். தாம்பரத்தில் ஆளுக்கா பஞ்சம். என்னிடம் இருப்பதுதான் எல்லோருக்கும் நல்லது என்று எனக்கு அப்போது பட்டது.

முதல் ஞாயிற்றுக்கிழமை திறந்தேன். மெலிதான மாடல். அதில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் போட்டுப் பார்க்க வழி கிடையாது. எல்லாவற்றையும் சேமித்துவைக்கிற சிப்பை மதர்போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். அதாவது போர்டு பிழைத்தால்தான் உள்ளே இருக்கிற எழுத்து பிழைக்கும். சேறு காய்ந்து ஓரமெல்லாம் பழுப்பேறியிருந்தது. பிரஷ்ஷும் ஆல்கஹாலும் வைத்து ஒரு மணி நேரம் கழுவினேன். மல்டிமீட்டர் வைத்ததும் தெரிந்துவிட்டது. சார்ஜரிலிருந்து கரன்ட் வருகிற பாதை நேராக எர்த்தோடு ஒட்டியிருந்தது. ஷார்ட். எங்கே என்பதுதான் கேள்வி. அந்தப் பாதையில் மட்டும் இருபது முப்பது கெப்பாசிட்டர் உண்டு, ஒவ்வொன்றும் எள்ளளவு. எது கெட்டது என்று பார்த்தால் தெரியாது.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. பவர் சப்ளையில் ஒரே ஒரு வோல்ட் வைத்து அந்தப் பாதையில் மெல்ல விடுவேன். போர்டின்மேல் ஆல்கஹாலைத் தடவிவிடுவேன். எது கெட்டதோ அதுதான் சூடாகும். அந்த இடத்தில் ஈரம் முதலில் காயும். சுற்றிலும் பளபளப்பு இருக்க, ஓர் இடம் மட்டும் வெளிறிப்போகும். அதைப் பார்க்கிற சுகத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அன்று பேட்டரி மூலைக்குப் பக்கத்தில் ஒரு கெப்பாசிட்டர் அப்படி வெளிறியது. அடுத்த வாரம் அதைச் சூடான காற்றில் உருக்கி எடுத்தேன். ஷார்ட் போய்விட்டது. பழைய போர்டு ஒன்றிலிருந்து அதே அளவில் ஒன்றை எடுத்து வைத்தேன். சுற்றியிருந்த கசடையெல்லாம் துடைத்தேன். வேலை முடிந்த இடம் தெரியக் கூடாது, அது என் வழக்கம். இன்னும் ஒரு இடத்தில் தண்ணீர் ஒரு மெல்லிய செம்புப் பாதையை அரித்திருந்தது. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலை அதற்கு ஒரு முடியளவு கம்பி போட்டேன்.

சார்ஜரை மாட்டினேன். விளக்கு எரிந்தது. விசிறி சுற்றியது. திரையில் ஏஞ்சல் ஒரு சிவப்புத் தொட்டிக்குள் உட்கார்ந்து தலையில் நுரையோடு சிரித்துக்கொண்டிருந்தாள். சத்யபிரியா உலர்த்திய துணிகளோடு அந்தப் பக்கமாகப் போனவள் நின்று பார்த்தாள்.

"வந்துடுச்சாங்க? பாப்பா போட்டோ பாருங்க. அந்தப் பொண்ணுக்குப் போன் பண்ணிச் சொல்லட்டுமா?"

வேண்டாம், இன்னும் சரியாக நிற்கவில்லை, நிற்கட்டும் என்றேன். அவள் துணியை மடிக்கப் போய்விட்டாள்.

அவன் எழுதியதைப் படிக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கிருபாவைப் புண்படுத்துகிற மாதிரி ஏதாவது இருந்துவிடப் போகிறதே என்றுதான் திறந்தேன். மாதத்துக்கு ஒரு ஃபைல் வைத்திருந்தான். ஆங்கில எழுத்தில் தமிழ். செப்டம்பரைத் திறந்து கடைசிக்குப் போனேன். இறப்பதற்கு மூன்று நாள் முன்னால் எழுதியது இது. வார்த்தை மாறாமல் சொல்கிறேன்.

'ஏழாம் நம்பர் டோர் சுவிட்ச் போச்சு. புதுசு வர ரெண்டு நாள் ஆகும். ஜம்பர் போடச் சொன்னார் குமரேசன் சார். வேணாம் சார்னு சொன்னேன். லோடு போகணும், ரெண்டு நாள்தான்னார். போட்டேன். மனசு சரியில்ல.'

அதற்குக் கீழே, ஒயரோடு அந்தக் கதவின் போட்டோ. தேதியும் நேரமும் அதில் இருந்தன.

அந்த ஒயரைப் போடச் சொன்னது நான்தான், மேடம். விசாரணைக்கு எழுதிக்கொடுத்த பக்கத்தில் அதை நான் சொல்லவில்லை. லோடு போகாவிட்டால் மேலிருந்து யாருக்குப் போன் வரும் என்று உங்களுக்குத் தெரியாது. அந்த ஊரில் எல்லாக் கம்பெனியிலும் ஏதாவது ஒரு மெஷினில் அப்படி ஒரு ஒயர் கிடக்கும்.

இதைப் படித்தபோதுகூட நான் எந்த முடிவுக்கும் வரவில்லை. அடுத்ததையும் படித்தேன். இறப்பதற்கு முந்தின நாள் எழுதியது.

'சுவிட்ச் இன்னும் வரல. நாளைக்குக் காலைல மொத வேலையா ஜம்பரைக் கழட்டிடணும், மெஷின் நின்னா நிக்கட்டும். சார் திட்டுவார். பாவம் அவரும் என்ன பண்ணுவார். யாரும் அவரை மதிக்கிறதில்ல. பயந்துபோய்த்தான் இப்படிப் பண்றார்.'

அவன் என்னைத் திட்டியிருக்கலாம். கொலைகாரன் என்று எழுதியிருந்தால்கூட அதற்கு ஒரு பதில் என்னிடம் இருந்திருக்கும். என்னைவிட இருபத்து மூன்று வயது சின்னவன், எனக்குக் கீழே ஸ்பேனர் பிடிக்கிறவன், வீட்டுக்குப் போய் உட்கார்ந்து என்னைப் பாவம் என்று எழுதியிருக்கிறான். அதை அவன் மனைவி படிப்பாள். வக்கீல் படிப்பார். நீதிபதிக்குப் படித்துக் காட்டுவார்கள். நாளைக்கு அந்தக் குழந்தை படிக்கும்.

ஃபைலை மட்டும் அழித்தால் போதாது. அழித்ததை மீட்கிறவர்கள் உண்டு. அதோடு, லேப்டாப் ஓடி, எழுத்து மட்டும் இல்லையென்றால் கிருபா கேட்பாள். அதனால் யோசித்துத்தான் செய்தேன். முதலில் குழந்தையின் போட்டோக்களையும் வீடியோக்களையும் ஒரு பென் டிரைவில் எடுத்துவைத்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு. அவை வீணாகக் கூடாது என்று எனக்கு இருந்தது. பிறகு போர்டை வெளியே எடுத்தேன். பிராசஸருக்குப் போகிற இடம் ஒரு வோல்ட்டுக்கு மேல் தாங்காது. சார்ஜரின் பத்தொன்பது வோல்ட்டை அங்கே வைத்தேன். டப் என்று சின்னதாக ஒரு சத்தம். அதுமட்டும் போதுமா என்று சந்தேகம் வந்தது. சேமிக்கிற சிப்புக்கும் தனியாக வைத்தேன். லேசாகப் புகைந்தது. ஜன்னலைத் திறந்துவிட்டேன். அப்போது பதினொன்றரை மணி இருக்கும். கீழே காய்கறி வண்டிக்காரர் போய்க்கொண்டிருந்தார்.

கிருபாவை நானே போனில் கூப்பிட்டுச் சொன்னேன். தண்ணீர் உள்ளே வரைக்கும் போய்விட்டது, ஒன்றும் செய்ய முடியவில்லை, கூகுளில் ஏறியிருந்த போட்டோக்கள் கொஞ்சம் கிடைத்தன என்றேன். போட்டோக்களுக்கு ஒரு காரணம் சொல்ல வேண்டியிருந்தது. அவள் வந்து பென் டிரைவையும் செத்த லேப்டாப்பையும் வாங்கிக்கொண்டு, வாசலிலேயே நின்று அழுதாள். கடவுள் உங்களை நல்லா வைக்கணும் சார் என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள். அந்தப் போட்டோக்களை அவளுக்குக் கொடுத்தது நான் இல்லையா. வேறொருவன் அதையும் எரித்திருப்பான்.

இரண்டு மாதம் ஒன்றும் இல்லை. ஈஸ்டருக்கு முந்தின வாரம் கிருபா சத்யபிரியாவுக்குப் போன் செய்திருக்கிறாள். பெண்கள் பேச்சு. சத்யபிரியா பேச்சுவாக்கில், அன்றைக்கு லேப்டாப்புக்கு உயிர் வந்ததே, பாப்பா சிவப்புத் தொட்டியில் உட்கார்ந்திருந்த போட்டோவைத் திரையிலேயே பார்த்தேனே, அப்புறம் ஏன் போய்விட்டதோ தெரியவில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறாள். என் மனைவிக்கு மறைக்க எதுவும் இல்லை. ஒன்றும் தெரியாதவளிடம் மறைக்கச் சொல்லி நான் வைக்கவும் இல்லை.

மறுநாள் கிருபா என்னைத் தாம்பரம் மேற்கில் ஒரு கடைக்கு வரச் சொன்னாள். ரயில்வே ஸ்டேஷன் படிக்கட்டு இறங்கினால் வருகிற சந்து. கடைக்காரர் பெயர் உதயா. முப்பத்தைந்து வயது இருக்கும். ஜெபினின் போர்டு அவர் விளக்கின் கீழே கிடந்தது. நான் யார் என்று கிருபா அவரிடம் சொல்லவில்லை. எனக்குச் சொன்னதை சாருக்கும் சொல்லுங்க அண்ணா என்றாள்.

"யாரு பண்ணதுன்னு தெரில சார், ஆனா கை சுத்தமான கை," என்றார் உதயா. "இந்தக் கெப்பாசிட்டரு மாத்துனதே கண்ணுக்குத் தெரில. இதோ இங்க ஒரு கம்பி போட்டுக்கீறாரு பாரு, முடி மாதிரி. போர்டு நல்லா ஓடியிருக்கும் சார். அதான் பேஜாரா கீது. பிராசஸரு பூட்சு, சரி, பூடும். இந்த மெமரி சிப்பு வேற லைனு. ரெண்டும் ஒண்ணா தானா பூவாது. இவ்ளோ தெரிஞ்ச ஆளு, ரிப்பேர் பண்ணி முடிச்சுட்டு, இன்னாத்துக்கு ரெண்டு எடத்துலயும் கரண்டை வுட்டுக் கொளுத்துனான்?"

ஒன்பது வருடத்தில் தொழில் தெரிந்த ஒருவர் என் வேலையைப் பார்த்துச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. மேடம், இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. முகத்திலும் தெரிந்திருக்க வேண்டும். கிருபா என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் கத்தவில்லை. போர்டை எடுத்து அதே துண்டில் சுற்றினாள். கடையை விட்டு வெளியே வந்த பிறகு, ஆட்டோக்களுக்கு நடுவில் நின்று, ஒன்றே ஒன்று கேட்டாள்.

"என்ன எழுதியிருந்தாரு சார்?"

ஞாபகம் இல்லைம்மா என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள். அங்கிருந்து நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறாள்.

இப்போது நான் சொன்னதையெல்லாம் அவளுக்கு நீங்கள் சொல்லிக்கொள்ளலாம். வார்த்தை வார்த்தையாக எனக்கு நினைவிருக்கிறது. பாவம் என்கிற வரியை மட்டும் விட்டுவிட்டால் நல்லது. அவசியம் என்றால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று பாக்கி இருக்கிறது. சாட்சியத்தை அழித்தது என்று ஒரு பிரிவு, பொய் வாக்குமூலம் என்று ஒரு பிரிவு, இரண்டையும் எழுதி முடித்துவிட்டீர்கள். அந்த லேப்டாப்பில் இருந்தது முந்தின நாள் வரைக்கும்தான். அடுத்த நாள் நடந்ததை அவன் எழுதவில்லை. எழுத அவன் வீட்டுக்குப் போகவில்லையே. அதை எரிக்காமல் விட்டிருந்தால்கூட இது அதில் கிடைத்திருக்காது. இது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அன்று காலை அவன் சொன்னபடியே ஒயரைக் கழற்றத்தான் ஏழாம் நம்பருக்கு வந்தான். அச்சில் ஒரு சரக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. முதலில் அதை எடு, லாரி நிற்கிறது, ஒயரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நான்தான் உள்ளே இறக்கினேன். ஆபரேட்டர் டீ குடிக்கப் போயிருந்தார். பேனல் முன்னால் நான் நின்றேன். மெஷின் ஆட்டோவில் தானாக மூடவில்லை. ஸ்டார்ட் பட்டனை அமுக்கியது நான். சத்தம் கேட்டு மற்றவர்கள் வருவதற்குள் பின்பக்கமாகச் சுற்றி என் அறைக்குப் போய், அங்கிருந்து ஓடிவந்தேன்.

அவன் வெளியே வந்துவிட்டான் என்று நினைத்து அமுக்கினேன் என்று சொல்லலாம். வக்கீல் அப்படித்தான் சொல்லச் சொல்வார். அப்படி இல்லை. அவன் உள்ளேயிருந்து ஒரு நிமிஷம் சார் என்றான். எனக்குத் தெளிவாகக் கேட்டது. வாசலில் லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஆனால் அவன் கேட்ட ஒரு நிமிடத்தை நான் கொடுத்தேன் என்றுதான் நினைக்கிறேன், மேடம். கொடுத்திருப்பேன்.